மாமாவுக்குப் பக்கத்து இடம்

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இப்படி நடக்கிறதா தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று வீடெல்லாம் தேடுகிறேன். நேற்று யார் போன் செய்தார்கள் என்று மகள் கேட்டால் விழிக்கிறேன். ஆனால் சின்ன வயதில் ஒரு பங்குனி மாதம், அது மட்டும் ஒரு இழை பிரியாமல் அப்படியே இருக்கிறது. காலையில் காபி ஆறுகிற நேரத்தில் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். முதலில் கைப்பம்பு கிறீச்சிடுகிற சத்தம் வரும். அதோடு சேர்ந்து கண்ணாடி வளையல்கள் குலுங்கும்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. நம் அப்பாக்கள் கழனிச் சேறு காயாத காலோடு இரும்பு மில்லுக்குப் போனார்கள். சங்கு ஊதினால் எழுந்தோம், சங்கு ஊதினால் சாப்பிட்டோம். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி மத்தியானத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அம்மாக்கள் அந்தத் தூசியைத் திட்டுவார்கள், சம்பள நாளில் மட்டும் திட்ட மாட்டார்கள்.

சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம், போதகரை ஐயர் என்போம். கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். தோட்டத்து மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு புதுக் கம்பெனிக்கு ஷெட் எழும்பிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குள் இருந்த கைப்பம்பில்தான் அந்த வட்டாரத்திலேயே நல்ல தண்ணீர். அதனால் எங்களுக்குக் கல்லறை என்றால் பயமே கிடையாது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, நித்தியகல்யாணிச் செடிகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடுவோம். வேலை செய்கிற இடத்திலிருந்து வருகிற டங் டங் சத்தமும், வெயிலில் காய்கிற சுண்ணாம்பு வாசனையும், வெள்ளைப் பூவின் மேல் மெல்லப் படிகிற கறுப்புப் பொடியும் இன்னும் தூக்கத்தில் வருகின்றன.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மாமா விஷக்காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. மாமியாரோடு எங்கள் தெருக்கோடியில் இருந்துகொண்டு, தையல் மிஷின் ஓட்டினாள். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது என்று இப்போது கணக்குப் போட்டால் மனசு திக்கென்கிறது. அன்றைக்கு எனக்கு அவள் ரொம்பப் பெரியவள்.

எங்கள் தோட்டம் சின்னது. அதனால் கோயில் கமிட்டி ஒரு முறை வைத்திருந்தது. வீட்டுக்கு ஓர் இடம் முன்னாலேயே குறித்து வைத்துக்கொள்ளலாம், அது கையை விட்டுப் போனால் மறு இடம் கிடையாது. மாமாவை அடக்கம் பண்ணின கையோடு அப்பா கமிட்டிக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடி, மாமாவுக்குப் பக்கத்து இடத்தை அத்தைக்கென்று வாங்கிவிட்டார். மில்லில் உலையைப் பிரித்துக் கட்டும்போது தூக்கிப் போடுகிற மஞ்சள் செங்கற்களைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்து, அந்த இடத்தைச் சுற்றி வரிசையாகப் பதித்தார். சாமானியத்தில் உடையாத கல் அது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அத்தை நேராக அங்கே போய் உட்காருவாள். நானும் போவேன். முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் வேர்க்கடலையை உரித்துத் தருவாள்.

"இது இன்னா அத்தை, இங்க யாரும் இல்ல?"

"இதான் என் ஊடு."

"கதவு எங்க?"

"மேல. தொறந்தே கீது பாரு."

நான் மல்லாந்து படுத்துப் பார்ப்பேன். கதவு முழுக்க வானமாக இருக்கும். மில் புகை ஓரமாக ஒரு நூல் போலப் போய்க்கொண்டிருக்கும். முதுகுக்குக் கீழே மண் சில்லென்று இருக்கும். தூங்கிப்போயிருக்கிறேன்கூட.

ஈஸ்டருக்கு முந்தின அந்த லெந்து விரத நாட்களில்தான் வளையல்காரி வந்தாள். வளையல் விற்கிறவள் இல்லை. ஷெட் கட்டுகிற வேலைக்கு நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த கூட்டத்தில் ஒருத்தி. முழங்கை வரைக்கும் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருப்பாள், அதனால் அவளுக்கு நான் வைத்த பெயர் அது. மதில் ஓரத்தில் தகரக் குடிசை. புருஷன் இரும்புக் கம்பி வளைப்பான், இவள் ஜல்லி சுமப்பாள். இடுப்பில் நடை பழகாத பெண் குழந்தை ஒன்று. பம்படிக்க வரும்போது குழந்தையை அத்தையின் மடியில் போட்டுவிடுவாள், கேட்கவெல்லாம் மாட்டாள்.

அத்தைக்குத் தெலுங்கு வராது. அவளுக்குத் தமிழ் வராது. இருந்தும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். இவள் ஒரு பக்கம் சொல்ல, அவள் ஒரு பக்கம் சொல்ல, நடுவில் சிரிப்பார்கள். ஒருநாள் அவள் செங்கல் போட்ட வெற்றிடத்தைக் காட்டி, என்ன இது என்று கையை விரித்தாள். அத்தை மாமாவின் கல்லறையைத் தொட்டாள், தாலி இல்லாத தன் கழுத்தைத் தொட்டாள், பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்குகிற மாதிரி தலையைச் சாய்த்துக் காட்டினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் என்ன தோன்றியதோ, குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் செங்கல் வரிசைக்குள் போய் நீட்டிப் படுத்தாள். ஜல்லி சுமந்த முதுகு. "சல்லகா உந்தி," என்றாள். சில்லென்று இருக்கிறதாம். அத்தை அவளைத் திட்டவில்லை. "எயுந்துரு, பைத்தியமே," என்று சிரித்துக்கொண்டே கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அதற்கப்புறம் வளையல் சத்தம் மெதுவானது. அவள் கண் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. காமாலைக்கு மந்திரித்தார்கள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மின்சார ரயில் ஏறின அன்றைக்கே திரும்பிவிட்டார்கள், இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று. குருத்தோலை ஞாயிறன்று நாங்கள் ஓலைச் சிலுவை பிடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தபோது, அவள் தகரக் கதவில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். அத்தை தன் கையில் இருந்த சிலுவையை அவள் குழந்தையிடம் கொடுத்தாள். குழந்தை அதைச் சப்பியது.

அந்த வாரத்துப் புதன்கிழமை காலையில் அவள் இறந்துபோனாள்.

எங்கே கொண்டுபோவது? ஊர்ச் சுடுகாட்டில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பங்கு உண்டு, எந்தத் தெருவிலும் சேராதவர்களுக்குப் பங்கு இல்லை. ஷெட் மேஸ்திரி அவள் புருஷனிடம், "ஏரிக்கரை ஓரமா எங்கனா பொதைச்சிட்டு வாடா," என்றானாம். ஏரிக்கரையில் நாய்கள் என்ன செய்யும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். போன மாதம்தான் ஒரு கன்றுக்குட்டியைத் தோண்டி எடுத்திருந்தன. புருஷன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் வேப்பமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வந்து நின்றான்.

மரத்தடியில் ஐயரும் கமிட்டிக்காரர்களும் கூடினார்கள். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோயில் செயலாளர் கெட்டவர் இல்லை. வியாதிக்காரர் வீட்டுக்கெல்லாம் போய் ஜெபம் பண்ணுகிறவர்தான். ஆனால் முறை என்றால் முறை.

"ஞானஸ்நானம் எடுக்காத பொண்ணு. நம்ம சபையும் இல்ல. இன்னிக்கு உட்டா நாளைக்கு ஊர்ல கீறவன் எல்லாம் வந்து நிப்பான் ஐயரே. நம்ம ஜனத்துக்கே எடம் எங்க கீது?"

"எடம் கீதுண்ணா," என்றாள் அத்தை. "எங்க ஊட்டுக்காரரு பக்கத்துல."

"அது உன்னுதும்மா."

"என்னுதுன்றதாலதான் சொல்றேன்."

ஷெட்டில் டங் டங் என்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஐயர் சின்ன வயதுக்காரர், புதிதாக வந்தவர். அவர் அத்தை பக்கமாகத் திரும்பினார்.

"நல்லா யோசிச்சிக்கோம்மா. குடுத்துட்டா உனக்கு மறு எடம் கெடையாது. மதில் ஓரமாகூட நான் உறுதி சொல்ல முடியாது."

"அந்தப் பொண்ணு அங்க படுத்துப் பாத்துக்கீது ஐயரே. சில்லுனு கீதுன்னு சொல்லிச்சி. அதை வேற எங்க கொண்டுபோய் வெக்கறது?"

செயலாளர் விடவில்லை. "அவ உனக்கு இன்னா ஒறவு?"

"தங்கச்சின்னு வெச்சிக்கோங்கோ."

பழவேற்காட்டிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவருகிற பாய் அன்றைக்கு எங்கள் தெருவில் இருந்தார். மூட்டையைப் பிரித்து வெள்ளைத் துணி கிழித்துக் கொடுத்து, அத்தர் குப்பியையும் வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மத்தியானம் சாய்வதற்குள் அடக்கம் முடிந்தது. வளையல்களை யாரோ கழற்றப் போனார்கள். கை வீங்கியிருந்தது. "வலிக்கும், உடுங்க," என்றாள் அத்தை. செத்தவளுக்கு எப்படி வலிக்கும் என்று நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அப்போது ஷிப்டில் இருந்தார். சங்கு ஊதி வெளியே வந்தவருக்கு மில் கேட்டிலேயே சேதி போய்விட்டது. மறுநாள் காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தான் பதித்த மஞ்சள் செங்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தார். அத்தை வீட்டு வழியாகத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் வாசலில் நின்று பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுப் பின்புறம் தண்ணீர் டிரம்முக்கு அந்தக் கல்லால் மேடை அடுக்கினார். அதற்கப்புறம் தங்கையோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஊருக்கு வேறு கதை கிடைத்துவிட்டது. பம்படியில் குடம் நிறைகிற நேரத்தில் அந்தக் கதையும் நிறைந்தது.

"புருஷன் பக்கத்துல படுக்கறதுக்கு இஷ்டம் இல்ல, அதான் குடுத்துட்டா."

"வேற யாரையோ பாத்துக்கினா, அதான்."

"யாரையோ இன்னா, அந்தக் கம்பி வளைக்கறவனைத்தான். புள்ளைய இப்பவே மடியில வெச்சிக்கினு கீறா பாரு. தங்கச்சின்னு சொன்னதே அதுக்குத்தான்."

இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது. எங்கள் சனத்துக்கு மட்டும்தான் இப்படிக் கணக்குப் போடத் தெரியும். புருஷனுக்குப் பக்கத்தில் குழி குறித்து வைத்திருப்பவள் பத்தினி, அதை விட்டுக் கொடுத்தவளுக்கு இரண்டாம் கல்யாணத்தில் கண். நடுவில் வேறு ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் நாற்பது நாள் கறி மீன் விட்டு விரதம் இருந்தவர்கள். அப்பாவும் இதை நம்பினார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பெரிய வெள்ளி வந்தது. மூன்று மணி நேர ஆராதனை. வெயிலில் கோயில் கூரைத் தகரம் படபடவென்று வெடிக்கும், விசிறி மட்டைகள் அசையும், வெள்ளைப் புடவைகளின் கஞ்சி வாசனை. ஐயர் கடைசிப் பகுதிக்கு வந்தார். ஆண்டவரின் சரீரத்தைக் கேட்டு வாங்கி, தனக்கென்று வெட்டி வைத்திருந்த புதுக் கல்லறையில் அடக்கம் பண்ணின பணக்காரர் ஒருவர் வருவாரே, அந்தப் பகுதி. ஒவ்வொரு வருஷமும் வாசிக்கிறதுதான். அன்றைக்கு ஐயர் பாதியில் நின்றுவிட்டார். கோயிலே இருமியது. செயலாளர் குனிந்து செருப்பு இல்லாத தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மட்டும் மடியில் இருந்த குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது அம்மா அத்தையிடம் மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பணக்காரர் மாதிரியா செய்யணும்னு நெனச்ச?"

"போ அண்ணி. அவரு குடுத்தது மூணாம் நாளே காலி ஆயிடுச்சி. எனக்கு அப்டி ஒண்ணும் திரும்பி வராது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பிலேயே அழுதாள். "அவரு பக்கத்துல இருந்திருக்கலாம் அண்ணி. ஆசையாதான் இருந்துச்சி," என்றாள். அத்தை அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மனசில் ஆசை இல்லாமல் கொடுத்தாள் என்று யாராவது அவளைச் சொன்னால் எனக்குப் பிடிக்காது.

ஈஸ்டர் விடியலில் மெழுகுவத்தி ஏந்திக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பனியும் புகையும் சேர்ந்து, பத்தடிக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. சுடர்கள் மட்டும் தாமாக நடந்து போவது போல இருந்தது. மாமாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பக்கத்துப் பச்சை மண்மேட்டிலும் அத்தை நித்தியகல்யாணி பரப்பியிருந்தாள். அத்தையின் மாமியார் வந்தாள். மகனுக்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தியைப் படுக்க வைத்துவிட்டாளே என்று அந்த நாட்கள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தவள். ஏதாவது ரகளை நடக்கும் என்று கூட்டம் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. அவள் இரண்டு கல்லறைக்கும் நடுவில் சிரமப்பட்டு உட்கார்ந்தாள். புது மண்மேட்டைத் தடவினாள்.

"எம்புள்ள கொறட்டை உடுவான் தாயி. கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். பனிக்குள் யாரோ மறுபடி பாட்டை எடுத்தார்கள்.

அப்புறம் வருஷங்கள் போயின. கம்பி வளைக்கிறவன் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலைக்குச் சேர்ந்தான். அத்தையைக் கடைசிவரை அக்கா என்றான். அவன் ஷிப்டுக்குப் போகிற நேரமெல்லாம் குழந்தை அத்தையின் தையல் மிஷினுக்கு அடியில் வளர்ந்தது. அவளைப் பெரிம்மா என்று கூப்பிட்டது. ஊர் கல்யாணத்துக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய் வேறு வேலையைப் பார்த்தது. அப்பா பேச ஆரம்பித்தார், கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் என்னிடம் சொல்லி அனுப்பி, பிறகு நேராக. செங்கல்லைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. அப்பா போன பிறகு ஒருநாள் டிரம் மேடையைக் கழுவும்போதுதான் கவனித்தேன். எதற்கும் சிமெண்டு பூசி முடிக்கிற மனிதர், அந்த மேடைக்கு மட்டும் சாந்தே வைக்காமல் கல்லைச் சும்மா அடுக்கியிருந்தார், என்றைக்காவது திரும்ப எடுத்துக் கொடுக்கிற மாதிரி. அவர் ஊர்க் கதையை நம்பவில்லை. தங்கச்சி தனியாக எங்கோ கிடக்கப் போகிறாளே என்று பயந்திருக்கிறார். பயந்த ஆம்பளை கோபக்காரன் மாதிரித்தான் தெரிவான் என்று எனக்குப் புரிய என் தலை நரைக்க வேண்டியிருந்தது.

போன வருஷம் மழை தொடங்குகிற நேரத்தில் அத்தை போய்ச் சேர்ந்தாள். நல்ல வயதுதான். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் ஊசி குத்த இடம் இல்லை. இருக்கிற பழைய குழியைத் திறந்து, அந்தந்த வீட்டாரையே மறுபடி வைக்கிறார்கள். மாமாவின் குழியில் மாமியார் போய்ச் சேர்ந்து, அதற்குமேல் மாமாவின் தம்பியையும் இப்போதுதான் வைத்திருந்தார்கள். அதைத் தொட முடியாது. அத்தைக்கென்று இருந்த இடமோ அவளுடையது இல்லை.

"பைபாஸ் தாண்டி புதுத் தோட்டம் வாங்கிக்கீறோம் ஆன்ட்டி. அங்க வெச்சிடலாம். வேன் ஏற்பாடு பண்ணிட்டேன்," என்றார் இப்போதைய செயலாளர். என் மகன் வயது. அவர் மேல் என்ன தப்பு.

அப்போது வளையல்காரியின் மகள் வந்தாள். கம்பெனி கேண்டீனில் வேலை, நீல கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். தலையில் அவளுக்கும் நரை. அத்தையின் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு செயலாளரிடம் போனாள்.

"எங்கம்மா குழி யாருக்கு சேரும்?"

"உங்களுக்குத்தான்கா. நீங்க ஒருத்தர்தானே."

"அப்ப தொறங்க."

"அக்கா, தொறந்தா அம்மாவோட எலும்பெல்லாம்…"

"தொறங்க தம்பி. எனக்கு எங்கம்மா மொகம் தெரியாது. போட்டோகூட கெடையாது. இவுங்க மொகம்தான் தெரியும்."

நான் வீட்டுக்குப் போய், பல வருஷமாகக் காலியாகக் கிடந்த டிரம் மேடையிலிருந்து மஞ்சள் செங்கற்களை எடுத்து ஆட்டோவில் ஏற்றினேன். மகள் திட்டினாள், முட்டி வலியோடு என்ன இது என்று. ஒரு கல்லும் உடைந்திருக்கவில்லை.

நான் போய்ச் சேரும்போது குழி வெட்டி முடிந்திருந்தது. தூறல். மதிலுக்கு அந்தப் பக்கம் கம்பெனி இரைந்துகொண்டிருந்தது. குழி வெட்டுகிறவர் உள்ளே நின்று, கிடைத்ததையெல்லாம் பதனமாக ஒரு வெள்ளைத் துணியில் சேர்த்துக்கொண்டிருந்தார். அதில் மண் அப்பிய பச்சைக் கண்ணாடித் துண்டுகளும் இருந்தன. வளையல்காரியின் மகள் அவற்றைக் கையில் வாங்கினாள். பம்பு இருந்த இடத்தில் இப்போது குழாய். அதில் ஒவ்வொன்றாகக் கழுவினாள். உள்ளங்கையில் வைத்து மூடிக் குலுக்கிப் பார்த்தாள். எனக்குக் கேட்டது. மறுபடி துணிக்குள் வைத்து முடிந்தாள்.

பெட்டியைக் கயிற்றில் இறக்கத் தூக்கினார்கள். துணி மூட்டை குழியின் நடுவில் இருந்தது. குழி வெட்டுகிறவர் அதை எங்கே நகர்த்துவது என்று நிமிர்ந்து பார்த்தார். அவள் சட்டென்று கோட்டோடு ஈர மண்ணில் முட்டி போட்டாள். குழிக்குள் குனிந்து, தூங்குகிறவர்களை எழுப்புகிற குரலில் சொன்னாள்.

"யம்மா, கொஞ்சம் நவுந்துக்கோ. பெரிம்மா வந்துட்டாங்கோ."